இரண்டு நாள் பிந்திய நோட்டீஸ்: ஒரு தனியார் பார்க்கிங் கட்டணமும் பின்னால் வந்த கடன் வசூல் கடிதங்களும்

வடமேற்கு லண்டனில் ஒரு குடும்பம். கணவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மனைவி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறார். வீட்டில் ஒரே கார், லாக்புக் (வண்டியின் பதிவுப் புத்தகம்) கணவர் பேரில். 2024 மார்ச் 9, சனிக்கிழமை, மகா சிவராத்திரிக்கு மறுநாள், அந்தக் கார் ஒரு கடைத்தொகுதியின் கார் பார்க்கில் மதியம் 12:41க்கு நுழைந்து 3:04க்கு வெளியே வந்தது. அங்கே இரண்டு மணி நேரம் இலவசம். இருபத்து மூன்று நிமிடம் கூடிப்போயிற்று. அன்று ஓட்டியவர் கணவர் இல்லை, வீட்டில் வேறொருவர். யார் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

நான் வக்கீல் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்காவது விளங்காத கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வேன், தேவைப்பட்டால் பதில் எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். இவர்கள் வந்தபோது கடிதங்கள் ஒரு கடைப் பையில் இருந்தன. தேதிவாரியாக அடுக்கியபோது கதை இப்படி வந்தது.

மார்ச் 21 தேதியிட்ட முதல் நோட்டீஸ், கார் பார்க்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து: 100 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 60. காரின் படம் இரண்டு, நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது ஒன்று. ஏமாற்று வேலை என்று நினைத்து அதை அப்படியே வைத்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு நினைவூட்டல். ஜூனில் வேறு பெயரில் வேறு நிறுவனம் எழுதியது, அதுதான் கடன் வசூல் நிறுவனம். தொகை 170 ஆகியிருந்தது. ஜூலையில் ‘இறுதி அறிவிப்பு’. ஆகஸ்டில் இன்னொரு ‘இறுதி அறிவிப்பு’. அப்புறம் வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 140 போதும் என்று ஒரு சலுகை. சிவப்பு எழுத்து கூடக்கூடத் தொகை மட்டும் குறைந்தது! செப்டம்பரில் மூன்றாவது பெயரில் ஒரு கடிதம். கோர்ட், பேலிஃப் (கடனுக்காகச் சாமானைப் பறிமுதல் செய்ய வருபவர்), கிரெடிட் ரெக்கார்டு, வீடு வாங்கக் கடன் கிடைக்காமல் போவது என்று பயமுறுத்தும் சொற்கள் எல்லாவற்றிலும் இருந்தன. எல்லாமே ‘நேரலாம்’, ‘சாத்தியம் உண்டு’ என்ற அளவில்.

“தம்பி, அந்த நூற்றெழுபதையும் கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பம். ஆக்கள் வந்து வீட்டுச் சாமானைத் தூக்கினா அயல்சனம் என்ன சொல்லும்?” என்றார் அக்கா, அதாவது அந்த மனைவி.

அண்ணைக்கு, அதாவது கணவருக்கு, நேரெதிர் எண்ணம். “ஒரு சதம் குடுக்கேலாது. எல்லாத்தையும் குப்பைக்குள்ள போடச் சொல்லி வேலையிடத்தில சொன்னவங்கள்.”

இரண்டு பேரும் பாதி சரி. இந்த வழக்கு முழுக்க அந்தப் பாதிகளுக்கு நடுவேதான் ஓடியது.

முதலில் பார்த்தது யாருடைய கடிதம் என்று

இங்கிலாந்தில் பி.சி.என். என்ற மூன்று எழுத்தில் இரண்டு வெவ்வேறு பார்க்கிங் நோட்டீஸ்கள் வருகின்றன. ஒன்று கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், போடும் அபராதம். அதற்குப் பின்னால் சட்டத்தின் நேரடி பலம் உண்டு. பேசாமல் இருந்தால் நீதிபதி முன் நிற்காமலேயே பேலிஃப் வரை போய்விடும். மற்றது தனியார் நிலத்தில், தனியார் நிறுவனம் கேட்கும் கட்டணம். அங்கே வைத்திருக்கும் அறிவிப்புப் பலகை ஒரு ஒப்பந்தம், நீ வண்டியை நிறுத்தியதால் அதற்கு ஒப்புக்கொண்டாய், அதை மீறினாய், ஆகவே காசு தா என்பதுதான் அவர்கள் கட்சி. இது குற்றமல்ல, அபராதமும் அல்ல, போலீஸ் பதிவில் ஏறுவதும் அல்ல. விசாவில் கை வைப்பார்களோ என்று அக்கா இரண்டு முறை கேட்டார். இல்லை, ஒருவர் இன்னொருவரிடம் கேட்கும் காசுப் பிரச்சினை இது, சிவில் விவகாரம்.

இவர்களுடையது இரண்டாவது வகை. கடிதத்தின் தலைப்பில் கவுன்சிலின் பெயர் இல்லை, முடிவில் கம்பெனி பதிவெண் இருந்தது. கவுன்சில் அபராதமாக இருந்திருந்தால் நான் கொடுத்திருக்கும் ஆலோசனையே வேறு.

சரி, வசூல் நிறுவனத்துக்கு என்ன அதிகாரம்? கடிதம் எழுதலாம், போன் எடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் இல்லை. வீட்டு வாசலைத் தாண்டவோ சாமானைத் தொடவோ உரிமை கிடையாது. பேலிஃப் என்பவர் வேறு ஆள். கோர்ட் தீர்ப்பு வந்து, அந்தக் காசும் கட்டப்படாமல், எதிர்த்தரப்பு உத்தரவு வாங்கிய பிறகுதான் அவர் வருவார். கிரெடிட் ரெக்கார்டும் அப்படித்தான். வசூல் கடிதத்தால் அதில் ஒரு கீறல்கூட விழாது. கவுண்டி கோர்ட் தீர்ப்பு, இங்கே எல்லோரும் சி.சி.ஜே. என்று சொல்வது, வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால்தான் ஆறு வருடம் நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். இந்த வசூல் நிறுவனங்களுக்கு வருமானமே பெரும்பாலும் காசு வசூலானால்தான். கடன் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆள் அங்கே யாரும் இல்லை. அவர்களோடு பக்கம் பக்கமாக வாதாடுவது வீண் வேலை.

ஆக, பையில் இருந்தவற்றில் அதிகம் சத்தம் போட்ட கடிதங்களுக்குத்தான் பலம் குறைவு. பலமுள்ளது யாரும் திரும்பிப் பார்க்காத முதல் நோட்டீஸ்.

மார்ச் 21 என்ற தேதி

அந்த நோட்டீஸை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். இந்த வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2012க்கு முன்னால் தனியார் நிலத்தில் நிறுத்திய காருக்குச் சக்கரப் பூட்டுப் போட்டு, நூற்றுக்கணக்கில் காசு கொடுத்தால்தான் விடுவார்கள். அந்த ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்குத் தடை போட்டது. அக்டோபர் 1 முதல் அமல். ஆனால் பூட்டைப் பறித்த கையோடு நிறுவனங்களுக்கு வேறொன்றைக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் என்று பார்த்தால் அது ஓட்டியவரோடுதான்; ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் யாரிடம் கேட்பது? அந்தச் சட்டத்தின் நான்காவது அட்டவணை, வண்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அந்தக் கீப்பரிடம் கேட்க வழி செய்தது. சும்மா இல்லை, நிபந்தனைகளோடு. நிபந்தனையை நிறைவேற்றினால்தான் அந்த உரிமையே பிறக்கும்.

கேமரா மட்டும் பிடித்து, கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாத இதுபோன்ற விஷயத்தில் முக்கிய நிபந்தனை நாள் கணக்கு. வண்டி நின்ற நாளுக்கு மறுநாளை முதல் நாளாக எண்ணி 14 நாளுக்குள் நோட்டீஸ் கீப்பர் கையில் கிடைத்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் போதாது, கிடைத்திருக்க வேண்டும். தபாலில் வந்தால், வேறுவிதமாக நிரூபிக்காத வரை, அனுப்பியதற்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை வேலை நாள் அல்ல.

மார்ச் 10 முதல் நாள் என்றால் பதினான்காவது நாள் மார்ச் 23. நோட்டீஸின் தேதி மார்ச் 21, வியாழன். மேலோட்டமாகப் பார்த்தால் பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது, பிழையே இல்லை என்று தோன்றும். ஆனால் எழுதிய அன்றே தபாலில் போட்டிருந்தாலும் வெள்ளி 22 முதல் வேலை நாள், சனியும் ஞாயிறும் போக, இரண்டாவது வேலை நாள் திங்கள் 25. இரண்டு நாள் பிந்தியது. கீப்பரிடம் கேட்கும் உரிமை அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஒரே வழி: ஓட்டியவரைப் பிடிப்பது. அதனால்தான் யார் ஓட்டினார் என்பதை எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது. நம்மவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். “சிவராத்திரிக்கு முழித்திருந்ததால் நேரம் போனது தெரியவில்லை, நான் காரை நிறுத்திவிட்டு…” என்று மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே ஓட்டியவரின் பெயரைக் கையெழுத்தோடு கொடுத்தாயிற்று. தனியார் நிறுவனத்துக்கு ஓட்டியவரின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை கீப்பருக்குச் சட்டத்தில் இல்லை. சொன்னால் பொறுப்பு அங்கே மாறும், சொல்லாவிட்டால் கீப்பரிடம் கேட்கலாம், அவ்வளவுதான். இங்கே கீப்பரிடம் கேட்கும் வழியும் மூடிக்கிடந்தது.

இது தப்பித்துக்கொள்ளும் ஓட்டை இல்லையா என்று அண்ணையின் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரம் என்று பலகை சொன்னது, இருபத்து மூன்று நிமிடம் தாண்டியதும் உண்மை. ஆனால் செய்யாத ஒருவரிடம் காசு கேட்கும் அசாதாரணமான உரிமையைப் பாராளுமன்றம் நாள் கணக்கோடுதான் கொடுத்தது. முதல் சலுகைக்கு 14 நாள், வழக்குக்கு 30 நாள் என்று நம்மிடம் நாள் எண்ணுகிறவர்கள் தங்கள் பங்குக்கும் எண்ணட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். பெயரைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. கோர்ட் ஆவணத்தில் எழுதுவது உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். அண்ணை உண்மையிலேயே ஓட்டவில்லை, ஆகவே அதை அவர் தைரியமாக எழுதலாம். அவரே ஓட்டியிருந்தால் நான் இந்த வாதத்தை இப்படி நடத்தச் சொல்லியிருக்க மாட்டேன்.

நோட்டீஸ் நேரத்துக்கு வந்திருந்தால்?

அப்போது நிலைமை கஷ்டம். பார்க்கிங்ஐ நிறுவனத்துக்கும் பேரி பீவிஸ் என்பவருக்கும் நடந்த வழக்கில் 2015 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செம்ஸ்ஃபர்டில் ஒரு கடைத்தொகுதி, அங்கேயும் இரண்டு மணி நேரம் இலவசம், அவர் 56 நிமிடம் கூட நின்றார், கட்டணம் 85 பவுண்ட். உண்மையான நட்டம் ஒன்றும் இல்லையே, இது தண்டனை அல்லவா என்பது அவர் வாதம். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர்களுக்கு இடம் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்பதில் நில உரிமையாளருக்கு நியாயமான அக்கறை உண்டு, பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன, தொகையும் மிகையில்லை என்றார்கள். நீதிபதி டூல்சன் பிரபு மட்டும் மாறுபட்டார்.

இன்னமும் சிலர் கையில் “உங்களுக்கு என்ன நட்டம், கணக்குக் காட்டு” என்ற பழைய மாதிரிக் கடிதம் சுற்றிவருகிறது. அது 2015க்கு முந்திய மருந்து. இன்று அதை அனுப்பினால் எதிர்த்தரப்புக்குச் சிரிப்புத்தான் வரும். நோட்டீஸ் நேரத்துக்கு வந்து, பலகையும் சரியாக இருந்து, நேரம் தாண்டியதும் உண்மையென்றால், நான் அந்த 60 பவுண்டை 14 நாளுக்குள் கட்டச் சொல்வேன். அல்லது நிறுவனத்திடம் முறையீடு செய்து, மறுத்தால் அது சேர்ந்திருக்கும் பார்க்கிங் சங்கத்தைப் பொறுத்து, பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற பார்க்கிங் முறையீட்டு அமைப்பிடம் போகலாம். அதைவிட நல்ல வழி, பல நேரம் வேலைக்கு ஆகிற வழி, சாமான் வாங்கிய ரசீதோடு கடை மேலாளரைப் பார்ப்பது. கார் பார்க் நிறுவனம் கடைக்காரருக்காக வேலை செய்வது. அவர் சொன்னால் ரத்து செய்வார்கள். இவர்கள் அதற்கெல்லாம் காலம் கடந்து வந்தார்கள். கடைக்கும் எழுதிப் பார்த்தோம், இனி எங்கள் கையில் இல்லை என்று பதில் வந்தது.

ஏறிய எழுபது

நூறு எப்படி நூற்றெழுபது ஆயிற்று? அந்த எழுபதைப் பார்க்கிங் சங்கங்களின் சொந்த நடத்தை விதிகள்தான் அனுமதிக்கின்றன. கீப்பரைப் பொறுத்தவரை நான்காவது அட்டவணை சொல்வது வேறு: அந்த வழியில் கேட்கக்கூடிய உச்சத் தொகை நோட்டீஸில் எழுதிய தொகை மட்டும். பீவிஸ் வழக்கிலும் 85 பவுண்ட் என்பது கார் பார்க்கை நடத்தி, கட்டாதவர்களைத் துரத்தும் செலவையும் தாங்குகிற தொகையாகத்தான் பேசப்பட்டது. அதன் மேல் இன்னொரு வசூல் செலவு எங்கிருந்து வந்தது?

இதை அரசே கேட்டது. 2019ல் தனியார் பார்க்கிங் நடத்தை விதிகளுக்காக ஒரு சட்டம் நிறைவேறியது. 2022 பிப்ரவரியில் அரசு விதிகளை வெளியிட்டு, இந்தக் கூடுதல் தொகைக்குத் தடை போட்டது. பார்க்கிங் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின, அதே ஆண்டு ஜூனில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. இடையில் 2024ல் இரண்டு சங்கங்களும் சேர்ந்து தாங்களே ஒரு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டன. கட்டணத்துக்கு உச்சம் 100, வசூலுக்கு 70, நேரம் முடிந்தபின் பத்து நிமிட அவகாசம். 2025 ஜூலையில் அரசு மறுபடி கருத்துக் கேட்டது. அதுவரை ஆறு ஆண்டாகியும் சட்டம் ஏட்டில்தான் இருந்தது என்றால் யாருக்கு வசதி என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கீப்பர் விலாசம் ஒன்றுக்கு, வண்டிப் பதிவை நடத்தும் அரசு நிறுவனமான டி.வி.எல்.ஏ.வுக்கு 2.50 பவுண்ட் கட்டி, ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் விலாசம் வாங்குகிற தொழில் இது.

வசூல் நிறுவனத்துக்கு எழுதிய ஒரே பதில்

பதில் எழுதாமலும் விட்டிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பில்லை. நான் ஒரே ஒரு பதில் எழுதச் சொன்னதற்குக் காரணம், பின்னால் நீதிபதி முன் கோப்பு விரியும்போது கடன் ஆரம்பத்திலேயே மறுக்கப்பட்டது என்று தெரியவேண்டும் என்பதுதான். அக்காவின் தூக்கத்துக்கும் அது உதவியது.

அரைப் பக்கம்கூட வரவில்லை. குறிப்பு எண், வண்டி எண். பிறகு நான்கே விஷயம்: நான் இந்த வண்டியின் கீப்பர், நீங்கள் சொல்லும் கடனை மறுக்கிறேன். நோட்டீஸ் சட்டம் சொன்ன 14 நாளுக்குள் கிடைக்கவில்லை, ஆகவே நான்காவது அட்டவணையின் கீழ் எனக்குப் பொறுப்பில்லை. ஓட்டியவரின் பெயரைச் சொல்ல எனக்குக் கடமை இல்லை, சொல்லப்போவதும் இல்லை. விஷயத்தை உங்கள் கட்சிக்காரரிடம் திருப்பி அனுப்புங்கள், இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள்.

அதில் இல்லாதவையும் முக்கியம். கஷ்டப்பட்ட குடும்பம், கொஞ்சம் குறையுங்கள் என்று இல்லை. அப்படி எழுதினால் கடனை ஒப்புக்கொண்ட மாதிரி. தவணையாகத் தருகிறேன் என்று இல்லை. போன் நம்பர் இல்லை. திட்டும் இல்லை, அண்ணை சேர்க்கச் சொன்ன இரண்டு வரிகளை நான் எடுத்துவிட்டேன்.

அதே நாளில் பார்க்கிங் நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அலுவலருக்கு, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவலின் பிரதியும் தாருங்கள் என்று எழுதினோம். ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், கட்டணம் கிடையாது. வந்த கோப்பில் நோட்டீஸ் அச்சிட அனுப்பிய தேதி இருந்தது: மார்ச் 21. நம் கணக்கை அவர்களே உறுதிப்படுத்திவிட்டார்கள்.

வசூல் நிறுவனத்திடமிருந்து வந்தது அச்சில் வார்த்த பதில். உங்கள் கருத்தைக் கவனித்தோம், காசு இன்னும் பாக்கி. அதற்கு நாங்கள் பதில் எழுதவில்லை.

ஜனவரிக் கடிதம்

இங்கேதான் அண்ணையின் பாதிச் சரி வழுக்கப் பார்த்தது. வசூல் கடிதங்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் எந்தக் கடிதத்தையும் பொருட்படுத்த வேண்டாம் என்று விழுந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஒரு சட்ட நிறுவனத்திடமிருந்து கனமான உறை வந்தது. அதே பாணி, அதே 170. பைக்குள் போட்டுவிட்டார். நல்லகாலம், பின்னால் ஒரு படிவம் இணைந்திருப்பதை அக்கா பார்த்தார்.

அதுதான் வழக்குக்கு முந்தைய கடிதம். 2017 அக்டோபர் முதல், ஒரு நிறுவனம் தனிநபர் மேல் கடன் வழக்குப் போடுவதற்கு முன் இதை அனுப்பவேண்டும். தகவல் தாள், பதில் படிவம், வரவுசெலவுப் படிவம் எல்லாம் இணைத்து, கடிதத் தேதியிலிருந்து 30 நாள் அவகாசம் கொடுக்கவேண்டும். படிவம் இணைந்திருந்தால் அது வேறு சாதி. அதைக் குப்பையில் போடக்கூடாது.

படிவத்தில் கடனை மறுக்கிறேன் என்ற கட்டத்தில் குறியிட்டோம். வரவுசெலவுப் படிவத்தைத் தொடவில்லை. கடனே இல்லை என்பவர் வருமானத்தை ஏன் காட்டவேண்டும்? நோட்டீஸ் தபாலில் போட்டதற்கு ஆதாரம், அன்று அங்கே இருந்த பலகைகளின் படம், நில உரிமையாளரோடு நிறுவனம் செய்த ஒப்பந்தம் மூன்றையும் கேட்டோம். பலகைப் படம் வந்தது, மற்ற இரண்டும் வரவில்லை. நாள் கணக்குக்குப் பதிலே இல்லை. “ஓட்டுநராகவோ கீப்பராகவோ நீங்கள் பொறுப்பு” என்ற ஒரு வாக்கியம் மட்டும்.

கோர்ட்

ஏப்ரலில் நார்தாம்டனில் இருக்கும் தேசிய சிவில் வணிக மையத்திலிருந்து கிளெய்ம் ஃபார்ம், அதாவது வழக்குப் படிவம், வந்தது. 170, அதற்கு 8 சதவீத வட்டி, கோர்ட் கட்டணம் 35, வக்கீல் செலவு 50. மொத்தம் 270 பவுண்டை நெருங்கியது. இந்தக் காகிதத்தைத்தான் யாரும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக்கூடாது. விட்டால் எதிர்த்தரப்பு ஒரு பொத்தானை அழுத்தித் தீர்ப்பு வாங்கிவிடும்.

அதற்கு உதாரணம் எனக்குத் தெரிந்த இன்னொருவர். வீடு மாறியவர், லாக்புக்கில் விலாசத்தை மாற்றவில்லை. நோட்டீஸ், வசூல் கடிதம், கிளெய்ம் ஃபார்ம் எல்லாம் பழைய வீட்டுக் கதவடியில் கிடந்தன. வீட்டுக்கடன் கேட்கப் போனபோதுதான் தன் பேரில் தீர்ப்பு இருப்பதே தெரிந்தது. தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கும் கட்டணமே 300 பவுண்டுக்கு மேல், அதாவது கேட்ட கடனைவிட அதிகம்.

ஃபார்ம் வெளியிட்ட தேதியிலிருந்து ஐந்தாம் நாள் கையில் கிடைத்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாளுக்குள் பதில் போடவேண்டும். கிடைத்தது, முழுதாக எதிர்க்கப்போகிறேன் என்று ஆன்லைனில் ஒப்புகை போட்டால் அது 28 நாளாகும். ஒப்புகை போடும்போது எதிர்வாதம் எழுதும் பெட்டியில் ஒரு எழுத்துக்கூட அடிக்கவேண்டாம் என்று அண்ணையின் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அதில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டால் அதுதான் உங்கள் எதிர்வாதம்.

எதிர்வாதம் ஒன்றரைப் பக்கம். கீப்பர் என்பதை ஒப்புக்கொண்டு, ஓட்டவில்லை என்று சொல்லி, நாள் கணக்கை அட்டவணையாகப் போட்டு, கீப்பர் என்பதாலேயே அவர்தான் ஓட்டினார் என்று ஊகிக்க முடியாது என்று எழுதினோம். 2023ல் ஒரு பார்க்கிங் மேல்முறையீட்டில் சர்க்யூட் நீதிபதி கார்கன் இதைத்தான் சொன்னார். அந்தத் தீர்ப்பு மற்ற கவுண்டி கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். எழுபது பவுண்டுக்கு எதிராகத் தனியே ஒரு பத்தி. பலகை சின்னது, எழுத்து தெரியவில்லை என்று சேர்க்கலாமா என்று வீட்டில் யோசித்தார்கள். படத்தில் பலகை நன்றாகவே தெரிந்தது. பலவீனமான வாதத்தைச் சேர்த்தால் பலமான வாதத்தின் மேல் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு போன் வழிச் சமரசம். 2024 மே 22 முதல் போடப்பட்ட இந்த வகைச் சிறு வழக்குகளில் அது கட்டாயம், இலவசம், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. எதிர்த்தரப்போடு நேரே பேசத் தேவையில்லை, நடுவர்தான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பேசுவார். தோற்றால் எதிராளியின் வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் அழவேண்டும் என்ற பயம் அக்காவுக்கு அதுவரை இருந்தது. சிறு வழக்குப் பிரிவில், நியாயமில்லாமல் நடந்துகொண்டால் தவிர, அப்படிச் சுமத்துவதில்லை. கேட்ட தொகைக்கு மேல் பெரும்பாலும் படிவத்தில் இருக்கிற செலவும் விசாரணைக் கட்டணம் 27 பவுண்டும்தான். அதைச் சொன்னபிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டார். அங்கே பேசியது ரகசியம், எழுதக்கூடாது. சமரசம் ஆகவில்லை.

வழக்கு இவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கவுண்டி கோர்ட்டுக்கு மாற்றப்பட்டு விசாரணைத் தேதி வந்தது. அண்ணையோடு நானும் போய் அவர் சார்பில் பேசலாம்; கட்சிக்காரர் கூட இருந்தால் சிறு வழக்கில் வக்கீல் அல்லாதவரும் பேச அனுமதி உண்டு. சாட்சி அறிக்கையை எழுதத் தொடங்கியிருந்தோம். வாதி 27 பவுண்ட் விசாரணைக் கட்டணம் கட்டவேண்டிய கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒற்றைத் தாள் ஒன்று வந்தது. வாதி வழக்கை முழுவதும் கைவிடுகிறார். காரணம் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை.

அண்ணைக்கு அது போதவில்லை. இவ்வளவு நாள் அலைக்கழித்ததற்குச் செலவு கேட்கவேண்டும் என்றார். பொதுவாக வழக்கைக் கைவிடுகிறவர் மற்றவர் செலவைத் தரவேண்டும், ஆனால் சிறு வழக்குப் பிரிவில் அந்த விதி இல்லை. எதிர்த்தரப்பு நியாயமில்லாமல் நடந்தது என்று காட்டினால் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு இன்னொரு சுற்றுக் காகிதம் வேண்டும், அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அந்த ஒற்றைத் தாளையும் முதல் நோட்டீஸையும் ஒன்றாகப் பத்திரப்படுத்தச் சொன்னேன். எதிர்வாதம் போட்டபின் கைவிட்ட வழக்கை அதே விஷயத்துக்கு மறுபடி போடவேண்டுமானால் அவர்கள் கோர்ட்டிடம் அனுமதி வாங்கவேண்டும். இடையில் எந்த வசூல் நிறுவனமாவது பழைய குறிப்பு எண்ணோடு எழுதினால், அந்தத் தாளின் பிரதியை அனுப்பினால் போதும்.